தத்துக் கோப்பைக் கேட்டு வாங்குவது எப்படி: அலைந்து தெரிந்துகொண்டவை

தத்துக் கொடுக்கப்பட்ட ஒருவர் பெரியவரான பிறகு தன் கோப்பைப் பார்க்கக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. கேட்கப் போகிற அலுவலகங்களில் உட்கார்ந்திருப்பவர்களிலும் பாதிப் பேருக்குத் தெரியாது. "அதெல்லாம் ரகசியம், தரமாட்டாங்க" என்று ஒரே பேச்சில் அனுப்பிவிடுவார்கள். நானும் அந்தப் பேச்சைக் கேட்டு வீட்டுக்கு வந்து, இனி இதைப் பற்றி யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று மாதக்கணக்கில் இருந்திருக்கிறேன். வளர்த்தவர்கள் மனம் நோகுமே என்பது ஒரு பக்கம், கேட்பதற்கு நமக்கு என்ன உரிமை என்ற கூச்சம் ஒரு பக்கம். உரிமை இருக்கிறது. யாரிடம், எந்தத் தாளை, எந்த எண்ணைச் சொல்லிக் கேட்பது என்பதை அன்றைக்கு ஒருவர் சொல்லியிருந்தால் இவ்வளவு காலம் போயிருக்காது. தமிழ்நாட்டில் பிறந்து தத்துப்போன, இப்போது தேடத் தொடங்குகிற யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். "என் கோப்பைக் கொடுங்கள்" என்பது ஒரு கோரிக்கை. "என்னைப் பெற்றவர் யார், எங்கே இருக்கிறார்" என்பது வேறு கோரிக்கை. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால் இரண்டாவதற்கான மறுப்பு முதலாவதையும் சேர்த்து விழுங்கிவிடும். நீதிமன்ற ஆணை, உடல்நலக் குறிப்பு, குழந்தைகள் இல்லத்தில் சேர்ந்த தேதி, எந்தச் சூழலில் விடப்பட்டீர்கள் என்ற விவரம் ஆகியவை உங்களைப் பற்றியவை. பெற்றவரின் பெயரும் முகவரியும் அவருடைய அந்தரங்கத்தையும் தொடுவதால் அதற்கு வேறு வழிமுறை வைத்திருக்கிறார்கள். முதலாவதைக் கையில் வாங்கிய பிறகு இரண்டாவதற்குப் போவதுதான் நல்லது.

அடுத்து, உங்கள் தத்து எந்தச் சட்டத்தின் கீழ் நடந்தது என்று பாருங்கள். தேட வேண்டிய அலுவலகம் அதை வைத்துத்தான் முடிவாகும். சொந்தத்துக்குள் அல்லது தெரிந்த குடும்பங்களுக்குள் நடந்த சுவீகாரம் என்றால் பெரும்பாலும் 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் கீழ் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் ஆபீஸில் பதிந்திருப்பார்கள். அதே சட்டத்தில், பெற்றோர் யாரென்று தெரியாத குழந்தையையோ கைவிடப்பட்ட குழந்தையையோ இல்லத்தார் தத்துக் கொடுக்க வேண்டுமென்றால் 9(4) பிரிவின்படி முன்கூட்டியே நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். அப்படியானால் கோர்ட்டில் ஒரு மனு இருக்கும். வளர்த்தவர்கள் கிறிஸ்தவர், முஸ்லிம் அல்லது வெளிநாட்டவர் என்றால் அந்தக் காலத்தில் 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் கீழ் 'காப்பாளர்' என்றுதான் ஆணை வாங்கியிருப்பார்கள். அந்தத் தாளில் 'தத்து' என்ற சொல்லே இருக்காது. அதைப் பார்த்துப் பயந்துபோக வேண்டாம், அன்றைய சட்டத்தில் அவர்களுக்கு அந்த வழிதான் இருந்தது. 2000-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் வந்த பிறகு எல்லா மதத்தினருக்கும் முறையான தத்து சாத்தியமானது. இப்போது நடப்பில் இருப்பது 2015-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் கீழ் முதலில் நீதிமன்றம்தான் ஆணை கொடுத்தது. 2022 செப்டம்பர் 1 முதல் மாவட்ட ஆட்சியர் கொடுக்கிறார்.

வீட்டில் இருக்கும் தாள்களை எடுத்து மூன்று எண்களைத் தேடுங்கள். கோர்ட் மனு எண்ணும் ஆண்டும், பத்திரப் பதிவு எண்ணும் ஆண்டும், இல்லத்தின் சேர்க்கை எண். பீரோவில் ஒரு பழைய பிளாஸ்டிக் கவர் இருக்கும். பாஸ்போர்ட்டுக்கோ பள்ளிச் சேர்க்கைக்கோ எடுத்த ஜெராக்ஸ் அதில் கிடக்கும். மங்கிப்போயிருந்தாலும் மேல் ஓரத்தில் 'ஓ.பி. எண் / 19..' என்று (அதுதான் கோர்ட் மனு எண்) ஒரு வரி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வளர்த்தவர்களிடம் கேட்டே ஆக வேண்டிய கட்டம் இது. நேரடியாக "என் சொந்த அம்மா யாரு?" என்று தொடங்காமல், "கோர்ட் ஆர்டர் எங்க வச்சிருக்கீங்க, ஒரு காப்பி வேணும்" என்று தொடங்குவது இரு தரப்புக்கும் சுலபம். கேள்வி தாளைப் பற்றியது என்றால் வயதானவர்கள் பதறுவதில்லை.

பிறப்புச் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். தத்து முடிந்த பிறகு வளர்த்தவர்களையே பெற்றோராகப் போட்டுப் புதுச் சான்றிதழ் கொடுத்திருப்பார்கள். ஆனாலும் பதிவு தேதியைப் பாருங்கள். பிறந்த தேதிக்கும் பதிவு தேதிக்கும் பல மாதமோ வருடமோ இடைவெளி இருந்தால், அது ஆணைக்குப் பிறகு பதிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். பிறந்த இடம் என்று போட்டிருப்பது இல்லம் இருந்த ஊராகவும் இருக்கலாம். கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்றால் பிறந்த தேதியே டாக்டர் பார்த்துச் சொன்ன உத்தேசத் தேதியாக இருக்கும். இத்தனை வருடம் கொண்டாடிய பிறந்தநாள் உத்தேசம் என்று தெரிவது லேசான விஷயமில்லை. தெரிந்த அன்று வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கோர்ட் கோப்பு: ஆணை பிறப்பித்த நீதிமன்றத்தின் நகல் பிரிவில் சான்றிட்ட நகல் கேட்டு மனு போட வேண்டும். சென்னையில் நடந்தது என்றால் பெரும்பாலும் உயர் நீதிமன்றத்தின் அசல் வழக்குப் பிரிவிலும், வெளியூர் என்றால் அந்த மாவட்ட நீதிமன்றத்திலும் இருக்கும். மாவட்டம் பிரிந்திருந்தால் பழைய தாய் மாவட்டத்தின் ரெக்கார்ட் ரூமைக் கேளுங்கள். தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி, விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி என்று பிரிந்த இடங்களில் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டி அனுப்புவது வாடிக்கை. நகல் மனுவில் 'ஆணை' என்று மட்டும் எழுதினால் ஒரு பக்கத் தாளைத்தான் தருவார்கள். 'மனு, அதனுடன் தாக்கலான பிரமாணப் பத்திரங்கள், இணைப்பு ஆவணங்கள், குழந்தை ஆய்வறிக்கை, ஆணை' என்று தனித்தனியே எழுதுங்கள். விஷயம் இருப்பது இணைப்பில்தான். தாய் கையெழுத்திட்ட ஒப்படைப்புப் பத்திரம் இருந்தால் அங்கேதான் இருக்கும். 1984-இல் லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் வெளிநாட்டுத் தத்துக்கு நெறிமுறை வகுத்தது. அதற்குப் பிறகான வெளிநாட்டுத் தத்துகளில், நீதிமன்றம் கேட்டுக்கொண்ட ஆய்வு அமைப்பின் அறிக்கையும் கோப்பில் இருக்க வாய்ப்பு உண்டு. அதையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

"நீங்க பார்ட்டி இல்லையே, உங்க பேரு மனுதாரர்ல இல்லையே" என்று நகல் பிரிவில் சொல்லலாம். மனுதாரர் இல்லமோ வளர்த்தவர்களோதான், நீங்கள் அதில் மைனர். அப்போது மூன்றாம் நபர் நகல் மனுவாகவே, ஒரு பிரமாணப் பத்திரத்தோடு போடலாம். 'இந்த ஆணையில் குறிப்பிடப்பட்ட மைனர் நான்தான், எனக்கு இன்ன காரணத்துக்காக நகல் தேவை' என்று எழுதி, இன்றைய பெயருக்கும் ஆணையில் உள்ள பெயருக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் தாளை இணைத்தால் நீதிபதி பார்த்து உத்தரவிடுவார். பழைய கோப்பு என்றால் ஒரு உண்மையையும் ஏற்கத் தயாராக இருங்கள். தீர்ப்பும் ஆணையும் நீண்ட காலம் காக்கப்படும், மற்ற தாள்களை விதிப்படி குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடுவார்கள். அழித்துவிட்டோம் என்று வாயால் சொன்னால் போதாது, மனுவின் மேலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பு அடுத்த அலுவலகத்தில் உங்களுக்கு உதவும்.

பத்திரம் பதிந்த தத்து என்றால் வழி வேறு. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் எதுவும் வராது, அது சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1-ஆம் புத்தகத்திலிருந்து வருவது. தத்துப் பத்திரம் 4-ஆம் புத்தகத்தில் இருக்கும். பதிவுச் சட்டம் 57-ஆவது பிரிவின்படி 4-ஆம் புத்தகத்தின் நகலை எல்லோருக்கும் கொடுக்க மாட்டார்கள். பத்திரம் எழுதிக்கொடுத்தவர், அதன் கீழ் உரிமை கொண்டாடுபவர், அல்லது அவர்களுடைய பிரதிநிதி கேட்கலாம். தத்துப்பிள்ளை அந்தப் பத்திரத்தின் கீழ் உரிமை கொண்டவர், ஆகவே கேட்கும் தகுதி உங்களுக்கு உண்டு. கவுன்டரில் மறுத்தால் இந்தப் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள், முகம் மாறும். புத்தகத்தை நீங்களே புரட்டவும் முடியாது, பதிவு அலுவலர்தான் தேட வேண்டும். அதனால் ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால் முன்னும் பின்னும் சில ஆண்டுகளைக் குறிப்பிட்டுத் தேடுதல் கட்டணத்தைக் கட்டுங்கள். இந்த வகைத் தத்தில் ஒரு நன்மை உண்டு. கொடுத்தவர் யார், எடுத்தவர் யார் என்று இருவர் பெயரும் பத்திரத்திலேயே இருக்கும்.

இல்லத்தின் கோப்புதான் எல்லாவற்றிலும் பெரிய கோப்பு. அதில் என்னென்ன இருக்கும் என்று தெரிந்தால்தான் கேட்க முடியும். சேர்க்கைப் பதிவேட்டில் உங்களுக்கான வரி, குழந்தை ஆய்வறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை, ஒப்படைப்புப் பத்திரம் அல்லது கண்டெடுத்த விவரம், குழந்தைகள் நலக் குழுவின் ஆணை (1986-ஆம் ஆண்டுச் சட்டக் காலத்தில் இளைஞர் நல வாரியம் என்று இருந்தது), பெற்றோரைத் தேடிக் கொடுத்த பத்திரிகை விளம்பரத்தின் துண்டு, புகைப்படம், தத்துக்குப் பிந்தைய கண்காணிப்பு அறிக்கைகள். சேர்க்கைப் பதிவேடு என்பது நீளமான கட்டம் போட்ட நோட்டு. வரிசை எண், தேதி, கொண்டுவந்தவர் பெயர், எடை, உடுத்தியிருந்தது, வைத்த பெயர், குறிப்பு என்று வரிசையாக ஓடும். கடைசிக் கட்டத்தில் யாரிடம் எப்போது ஒப்படைத்தார்கள் என்று இருக்கும். நம்மைப் பற்றி ஒரே ஒரு வரிதான். அந்த வரியில் 'கொண்டுவந்தவர்' என்ற கட்டம் எதையும்விட முக்கியம். நர்ஸ், ஆயா, போலீஸ்காரர், பாட்டி என்று அங்கே எழுதியிருப்பதை வைத்துத்தான் அடுத்துப் போக வேண்டிய இடம் மருத்துவமனையா, காவல் நிலையமா, ஒரு கிராமமா என்று தெரியும்.

இங்கே அடிக்கடி தடுக்குவது பெயர். இல்லத்தில் உங்களுக்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள். "இந்தப் பேர்ல யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டால் கோப்பு இல்லை என்று அர்த்தமில்லை. வளர்த்தவர்களின் பெயரையும் ஒப்படைத்த தேதியையும் கொடுத்து, வெளியேறிய பதிவேட்டில் பார்க்கச் சொல்லுங்கள். கன்னியாஸ்திரிகள் நடத்திய இல்லம் என்றால் பக்கத்துப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் மறக்காதீர்கள். இல்லம் மூடிப் பல காலம் ஆனாலும் அந்தப் பதிவேடு கோயிலில் இருக்கும். நேரில் போவது நல்லதுதான், ஆனால் எழுத்தில் கேட்காத எதுவும் கேட்டதாக ஆகாது. கடிதத்தை இல்லத்துக்கு எழுதி, நகலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் மாநிலத் தத்து வள முகமைக்கும் போடுங்கள். ஸ்பீடு போஸ்ட் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்ததுதான் முறையான வழி. மத்திய தத்து வள ஆணையம், காரா என்று சொல்வார்கள், 1990-இல் தொடங்கியது. அதன் இணையதளத்தில் 'ரூட் சர்ச்' என்று, அதாவது பூர்வீகத்தைத் தேடுவதற்கு, ஒரு விண்ணப்பம் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி 18 வயது முடிந்தவர் தனியாகவே விண்ணப்பிக்கலாம். அதற்குக் கீழே என்றால் வளர்ப்புப் பெற்றோரோடு சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். கேட்டு வருபவருக்கு இல்லம், மாவட்ட அலகு, மாநில முகமை, காரா எல்லோரும் உதவ வேண்டும் என்று அந்த ஒழுங்குமுறையே சொல்கிறது. வெளிநாட்டில் வளர்ந்தவர்கள் அந்த நாட்டு மத்திய அதிகார அமைப்பு, அங்கீகரிக்கப்பட்ட தத்து முகமை, இந்தியத் தூதரகம் ஆகியவை வழியாகவும் வரலாம். நாடுகளுக்கிடையிலான தத்து பற்றிய ஹேக் ஒப்பந்தத்தை இந்தியா 2003-இல் ஏற்றது, குழந்தையின் பூர்வீகம் பற்றிய தகவல்களைப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது அதில் உள்ள கடமை. விண்ணப்பத்தோடு அடையாளச் சான்று, தத்து ஆணை அல்லது பத்திரம், கையில் இருக்கும் எந்தத் துண்டுத் தாளும் சேர்த்து அனுப்புங்கள். கோர்ட் நகலை முதலில் வாங்கச் சொன்னது இதற்காகத்தான். எண் இல்லாத விண்ணப்பம் டெல்லியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து மாவட்டம் என்று போய் 'விவரம் போதவில்லை' என்ற ஒரு வரியோடு திரும்பி வரும். என் காலம் அதிகம் போனது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு முறையும் ஒரு நம்பிக்கை வரும், பிறகு அது கரையும்.

பெற்றவர் ஒப்படைக்கும்போது தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தால், அவருடைய எழுத்துபூர்வமான சம்மதத்தை இல்லமோ மாவட்ட அலகோ வாங்க வேண்டும். அவர் மறுத்தாலும், கண்டுபிடிக்க முடியாவிட்டாலும், எந்தக் காரணத்தால், எந்தச் சூழலில் ஒப்படைத்தார் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வரியை யாரும் தானாகச் சொல்வதில்லை. 'சம்மதம் கிடைக்கவில்லை' என்று கடிதம் வந்தால், 'சரி, ஒழுங்குமுறையின்படி காரணத்தையும் சூழலையும் தெரிவியுங்கள்' என்று பதில் எழுதுங்கள். மறுக்கும் அம்மாவைப் பற்றி மனதில் கசப்பு வரும். கல்யாணமாகிப் புருஷன், பிள்ளைகள் என்று ஒரு குடும்பத்தில் இருக்கும் பெண்ணின் வாசலில் ஓர் அரசு ஊழியர் போய் நின்று கேட்டால் அவள் என்ன சொல்ல முடியும் என்பதையும் யோசிக்க வேண்டும். அதனால்தான் தேடிப் போகிறவர் தனியாக, பெண் ஊழியராக, சாதாரண உடையில் போக வேண்டும் என்று மாவட்ட அலகில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படிக் கேட்பதில் தவறே இல்லை.

மூன்றாம் நபர் மூலம் ரூட் சர்ச் செய்வதற்கு அனுமதி இல்லை என்பது அதே ஒழுங்குமுறையில் இருக்கிறது. 'எனக்கு உள்ளே ஆள் இருக்கு, அம்மாவைக் கண்டுபிடித்துத் தருகிறேன்' என்று வருகிறவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். என்னிடம் 35,000 ரூபாய் வாங்கியவர் கொண்டுவந்து தந்தது என் கோர்ட் ஆணையின் நகல் மட்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் கேட்கிற தொகை இன்னும் பெரிது. சிலருக்கு அம்மா என்று ஒருவரைக் கொண்டுவந்தே காட்டுவார்கள். மரபணுச் சோதனை செய்யாமல் யாரையும் அம்மா என்று நம்பிவிட வேண்டாம், பணம் அனுப்பத் தொடங்கவும் வேண்டாம்.

இல்லம் மூடிவிட்டது என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். இதில் அம்மாவின் பெயரைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் பற்றிய 8(1)(ஜே) பிரிவைக் காட்டி மறுத்துவிடுவார்கள். கேட்க வேண்டியது வேறு: இன்ன இல்லம் எந்த ஆண்டு மூடப்பட்டது, அதன் தத்துக் கோப்புகளும் சேர்க்கைப் பதிவேடுகளும் எந்த அலுவலகத்திடம் ஒப்படைக்கப்பட்டன, ஒப்படைத்த பட்டியலின் நகல். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தனியார் இல்லத்துக்கு நேரடியாக இந்த மனுவைப் போட்டால் "நாங்க அரசு அலுவலகம் இல்ல" என்பார்கள். ஆனால் அவர்களிடமிருந்து சட்டப்படி தகவலைக் கேட்டு வாங்கும் அதிகாரம் கண்காணிக்கும் அலுவலகத்துக்கு உண்டு, அதனால் அலுவலகத்துக்கே எழுதுங்கள்.

கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்று கோப்பு சொன்னால் பெயர் கிடைக்கும் வாய்ப்பு குறைவு, இடம் கிடைக்கும். இந்தியத் தண்டனைச் சட்டம் 317 என்ற பிரிவு எங்காவது எழுதியிருந்தால், குழந்தையைக் கைவிட்டதாக வழக்குப் பதிந்திருக்கிறார்கள் என்று பொருள். பக்கத்திலேயே காவல் நிலையத்தின் பெயரும் குற்ற எண்ணும் இருக்கும். நிலையத்தில் பழைய ஏடு இல்லாமல் போனாலும் நலக் குழுவின் கோப்பில் அதன் நகல் இருக்கலாம். 1992-இல் சேலத்தில் தொடங்கிப் பிறகு மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி என்று விரிந்த, வளர்க்க முடியாத குழந்தையை அரசிடம் விட்டுச்செல்ல வைத்த தொட்டில் குழந்தைத் திட்டத்தில் வந்தவர்களுக்கு, எந்த வரவேற்பு மையம், எந்தத் தேதி, என்ன எடை என்பதோடு விவரம் நின்றுவிடும். நேரில் வந்து கொடுத்தவர்கள் உண்டு, அவர்கள் சொன்ன ஊரும் காரணமும் சில நேரம் குறிப்பில் இருக்கும். மருத்துவமனைப் பிரசவப் பதிவேட்டில் இருக்கும் பெயரையும் முழுக்க நம்ப முடியாது. பயந்துபோன ஒரு பெண் வேறு பெயரையும் இல்லாத கணவர் பெயரையும் சொல்லியிருப்பாள்.

எல்லா ஏடும் கைவிட்டால் மிச்சம் இருப்பது மரபணுச் சோதனை. வெளிநாட்டுச் சோதனை நிறுவனங்களின் பட்டியலில் நம் ஊர்க்காரர்கள் குறைவு, பெரும்பாலும் வெளிநாடுகளில் வாழ்பவர்களும் தத்துப்போனவர்களும்தான் இருப்பார்கள். அதோடு, மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்தில் கட்டும் வழக்கத்தாலும் சாதிக்குள்ளேயே நடக்கும் கல்யாணங்களாலும் ஒருவரோடு ஒருவர் பகிரும் மரபணு அளவு கூடித் தெரியும். மூன்றாம் நிலைச் சொந்தம் என்று காட்டுகிறவர் உண்மையில் இன்னும் தள்ளியிருப்பார். அந்தப் பெயரைப் பார்த்த உடனே ஓடிப்போய்ச் சொந்தம் கொண்டாடாமல், நெருங்கிய பொருத்தம் வரும்வரை பொறுத்திருங்கள். ஆளை ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றால், அம்மா தானா என்று உறுதிசெய்ய உள்ளூர் ஆய்வகத்தின் நேரடிச் சோதனையே போதும்.

சம்மதம் வரும்வரை, அல்லது வராமலே போனாலும், மாவட்ட அலகில் உங்கள் கோப்போடு ஒரு கடிதத்தைச் சேர்த்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். நலமாக இருக்கிறேன், எதையும் கேட்டு வரவில்லை, பரம்பரை நோய் ஏதாவது இருந்தால் தெரிந்துகொள்ள விரும்புகிறேன், இன்ன எண்ணில் பேசலாம் என்ற அளவில் தமிழில், ஒரு பக்கத்தில் இருந்தால் போதும். படிக்கத் தெரியாதவராக இருந்தால் ஊழியர் படித்துக் காட்டுவார் என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள். பிற்பாடு வீடோ போன் நம்பரோ மாறினால் கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி ஒரு கடிதம் போடுங்கள். அலுவலர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், புதிதாக வருகிறவருக்கு உங்களைத் தெரிந்திருக்காது.